மல்லிகாவுக்கு, போன் பெட்டி பற்றி

மெல்பர்ன்

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக வாசுகி சொன்னாள், நிம்மதியாக இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகிவிட்டாய், இனி அவள் உன்னை ‘வார்டன்’ என்று கூப்பிட்டால் நீ கோபப்பட முடியாதடி.

பள்ளி நேரம் முழுக்கப் பிள்ளைகளின் போனை வாங்கிப் பூட்டிவைக்கப்போவதாக எழுதி, வகுப்புக்கு நாற்பது போன் வைக்கிற பெட்டியை ஆசாரியிடம் எந்த அளவில் சொல்வது என்று கேட்டிருந்தாய். ஒரே பெட்டியாகச் செய்யாதே. ஒரு போன் கவரோடு 200 கிராமுக்கு மேல் வரும், நாற்பது சேர்ந்தால் 8 கிலோவைத் தாண்டும், மரத்தின் எடை வேறு. இருபது அறை கொண்ட இரண்டு பெட்டிகளாகச் செய். ஒவ்வோர் அறையும் 10 செ.மீ. அகலம், போனின் தடிமனுக்கு 3 செ.மீ., 9 செ.மீ. ஆழம். அதற்கு மேல் ஆழம் வைத்தால் பட்டன் போன்கள் உள்ளே புதைந்துவிடும். அறைக்குள் ரெக்சின் ஒட்டச் சொல், இல்லாவிட்டால் முதல் வாரமே கீறல் பஞ்சாயத்து வரும். பெட்டிக்குள் சார்ஜர் இணைப்பு கொடுக்கலாமா என்று உன் கரஸ்பாண்டென்ட் கேட்டாராமே, வேண்டவே வேண்டாம். மூடிய மரப்பெட்டியில் இத்தனை லித்தியம் பேட்டரிகளைச் சூடேற்றுவது ஆபத்து.

கேட்டில் நின்று வாங்குகிற யோசனையையும் விட்டுவிடு. 24 பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் 960 பிள்ளைகள். ஆளுக்கு 5 விநாடி என்றாலே 80 நிமிடம். நாலு வரிசை போட்டாலும் பிரேயர் போய்விடும். வகுப்பிலேயே, வருகைப்பதிவோடு சேர்த்து வாங்கினால் மூன்றரை நிமிடத்தில் முடியும். பெட்டியின் அறைக்கு ஒட்டும் எண்ணும் வருகைப்பதிவு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். ஆள் வந்திருந்து அறை காலியாக இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் செய்யும் முதல் தந்திரம், வீட்டில் கிடக்கும் செத்த போனைக் கொண்டுவந்து போடுவது. இங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள். அதனால் ஆசிரியர் கண்முன்னே அணைத்துவிட்டு வைக்க வேண்டும். அணைக்கும்போது திரை எரியும். எரியாத போன் பெட்டிக்குப் போகக்கூடாது, ஆபீசுக்குப் போகட்டும். சைலண்டில் வைப்பது போதாது, அதிர்வுச் சத்தம் மரத்தில் இரட்டிப்பாகக் கேட்கும். சில பட்டன் போன்கள் அணைத்திருந்தாலும் அலாரம் அடிக்கும், அதையும் சொல்லிவை. ஸ்மார்ட் வாட்ச் விஷயத்தை விதியிலேயே எழுதிவிடு, இல்லாவிட்டால் அடுத்த மாதம் செய்தியெல்லாம் மணிக்கட்டுக்கு வந்துவிடும். லீடர் பிள்ளைகளைக் காவலுக்கு மட்டும் வைக்காதே, அந்தப் பகை வருஷக் கடைசிவரை போகாது.

திருப்பிக் கொடுப்பதில்தான் பல பள்ளிகள் சறுக்குகின்றன. கடைசிப் பீரியட் பி.டி. ஆகவோ லேப் ஆகவோ இருந்தால் பெட்டியை வைத்துப் பூட்டிய பீரோவின் சாவி யாரிடம்? மத்தியானம் காய்ச்சலோடு வீட்டுக்குப் போகிற பிள்ளையின் போனை யார் எடுத்துத் தருவது? பீரோவுக்கு இரண்டு சாவி, ஒன்று எப்போதும் ஆபீசில் இருக்க வேண்டும். பெல்லுக்கு ஐந்து நிமிடம் முன்பே வரிசை வரிசையாகக் கொடுக்க ஆரம்பிக்காவிட்டால் பஸ் போய்விடும். ஒரு நாள் பஸ் தவறினால் பெற்றோர் மொத்தமாக எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

இனி நான் நிஜமாகக் கவலைப்படுவதைச் சொல்கிறேன். இங்கே விக்டோரியா மாநில அரசுப் பள்ளிகளில் 2020-ஆம் ஆண்டின் முதல் பருவத்திலிருந்தே இந்த விதி இருக்கிறது. முதல் பெல் முதல் கடைசி பெல் வரை போன் அணைந்து, பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இடைவேளையிலும் கிடையாது. இங்கே உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆளுக்கொரு லாக்கர் உண்டு, அதனால் பெட்டிப் பிரச்சினை பெரிதாக இல்லை. ஆனால் லாக்கரால் மட்டும் அந்த விதி நிற்கவில்லை. அவசரம் என்றால் பெற்றோர் பள்ளி ஆபீசை அழைக்க வேண்டும் என்பதும் விதியோடு சேர்ந்தே வந்தது. ஆபீசில் போனை எடுக்கிறார்கள், செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. உன் பள்ளியில் ஒரே லைன். காலை எட்டரை மணிக்கு ஃபீஸ் விசாரிப்பவர்களே அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். “பாட்டியைச் சேர்த்திருக்கிறோம், நேரே ஆஸ்பத்திரிக்கு வா” என்று சொல்ல ஒரு அம்மா நாலு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லையென்றால், மறுநாள் அவளே பிள்ளையின் ஷூவுக்குள் இரண்டாவது போனை வைத்து அனுப்புவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே முதலில் இரண்டாவது லைன் வாங்கு, பெற்றோருக்கென்று மட்டும். ஒரு ஆள், ஒரு செய்திச் சீட்டுப் புத்தகம். நேரம், பெயர், வகுப்பு, செய்தி எழுதி, அடுத்த பெல்லுக்குள் பிள்ளை கையில் சேர வேண்டும். அடுத்தது இன்னும் கசப்பானது. உங்கள் டீச்சர்கள் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். பகலில் போனைப் பிடுங்கிவிட்டு மாலையில் நாமே அதைக் கையில் கொடுத்தால் எந்தப் பிள்ளை நம்மை மதிக்கும்? டைரியில் எழுதிப் போடச் சொல். ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே டீச்சர்களும் போனை எடுக்கக்கூடாது. ஆப்பில் வருகை போடுகிறவர் போட்டுவிட்டு உள்ளே வைக்கட்டும்.

விலக்குகளைத் தொடக்கத்திலேயே எழுதிவை. சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும் சென்சார் ஒட்டிய பிள்ளை இருந்தால் போன் அவளோடுதான் இருக்க வேண்டும், சில கருவிகளுக்கு 6 மீட்டர்தான் எல்லை. பீரோவுக்குள் பூட்டினால் தாழ்சர்க்கரை அலாரம் யாருக்கும் கேட்காது.

பறிமுதல் செய்தால் முதல் முறை அன்று மாலையே கொடுத்துவிடு, இரண்டாம் முறை பெற்றோர் வந்து வாங்கட்டும். அபராதம் வேண்டாம். போனைத் திறந்து பார்க்கவே கூடாது. ஒரு பெண்ணின் படம் சுற்றுகிறது என்று புகார் வந்தால், ஆதாரத்துக்கென்று எந்த ஆசிரியரும் அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளக்கூடாது. 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் சட்டப்படி குற்றம். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்ல வேண்டியது உன் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் ஸ்டாஃப் ரூமில் எழுதி ஒட்டு.

இதனால் மார்க் ஏறுமா என்று கரஸ்பாண்டென்ட் கேட்பார். இங்கிலாந்தின் நாலு நகரப் பள்ளிகளை வைத்து பெலாண்டும் மர்ஃபியும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் தடைக்குப் பின் மதிப்பெண் கொஞ்சம் கூடியது, பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதிகம் கூடியது, நன்றாகப் படிப்பவர்களிடம் மாற்றமில்லை. ஆனால் 2025-இல் வந்த பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு, 30 பள்ளிகளில் 1,227 பிள்ளைகளைப் பார்த்து, கடுமையான விதி உள்ள பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் மேலாக இல்லை, நாள் முழுக்கக் கணக்கிட்டால் போன் நேரமும் குறையவில்லை என்றது. அதனால் பெற்றோர் கூட்டத்தில் பெரிய வாக்குறுதி கொடுக்காதே மல்லிகா. பள்ளி நேரத்தில் கவனம் கிடைக்கும், கழிவறையில் படமெடுக்கிற பயம் குறையும், இவ்வளவுதான் நம்மால் சொல்ல முடியும். எனக்கு இதுவே பெரிய விஷயம்.

இடைவேளைக்கு வகுப்புக்கு இரண்டு பந்து, கேரம் போர்டு, ஸ்கிப்பிங் கயிறு வாங்கிவை. முதல் இரண்டு வாரம் வராந்தாவில் இரைச்சலும் சண்டையும் கூடும், பயந்துவிடாதே. கூடுதலாக ஒரு டீச்சரை டியூட்டியில் போடு.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு. போன் உடைந்தால் யார் பொறுப்பு என்கிற வரியை நான் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதே. வாசுகிக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

உன்,
கலா