எழுதித் தந்த அனுமதியை ஒரு போன் காலில் ரத்து செய்யாதீர்கள்

அரங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 23 அன்று மாலை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். என் புத்தக வெளியீட்டுக்கு முத்திரை போட்டு அனுமதிக் கடிதம் தந்தீர்கள். மதியம் மூன்று மணிக்கு, வேறு நிகழ்ச்சி இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்று போனில் சொன்னீர்கள். ஆனால் நாங்கள் வந்தபோது அரங்கு பூட்டித்தான் கிடந்தது.

அந்தத் தேதியை நான் சும்மா குறிக்கவில்லை. என் புத்தகம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டு ஆண்களும் வருவார்கள். உலகப் புத்தக நாளும் அந்த ஏப்ரல் 23தான். இரண்டு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் அட்டைப்படம் அனுப்பி முன்பதிவு வாங்கினேன். வலை பின்னும் இடம், டீக்கடை என்று ஒவ்வொன்றாக நடந்து அழைப்பிதழ் கொடுத்தேன். தனியாகப் புத்தகம் போடுகிறவளுக்கு விளம்பரம் என்றால் இந்த நடைதான்.

முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர் அம்மா ஒருவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறித்தே பிள்ளைகளை வளர்த்தவர். மகளின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் பாலம் தாண்டி வந்தார். உங்கள் வாசற்படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழை மடித்து மடித்துப் பிரித்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "யாரும் தவறிப் போயிட்டாகளா, தாயி?" சாவு விழுந்தால்தான் குறித்த விசேஷம் நிற்கும் என்பது அவர் அறிந்த நியாயம். நான் என்ன பதில் சொல்ல?

எழுதித் தந்த அனுமதியை ஒரு போன் காலில் ரத்து செய்யாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

"பதிப்பகம் எது?" என்று உங்கள் அலுவலகத்தில் மூன்று முறை கேட்டார்கள். நான்தான் பதிப்பாளர். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் என் பெயரில் வாங்கியது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கும் படிகள் அனுப்பிவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? புத்தகக் கடையில் கேட்டால் விலையில் நாற்பது சதவீதம் கழிவு கொடு என்கிறார்கள், அதுவும் விற்ற பிறகுதான் பணம். எங்களைப் போன்றவர்களுக்கு வெளியீட்டு மேசையில் விற்கும் பிரதிதான் அச்சுக்கூலியைத் திருப்பித் தரும். அன்று கொண்டுவந்த 150 பிரதிகளையும் ஆட்டோவில் ஏற்றித் திரும்பினேன். அச்சகத்துக்குப் பாக்கி இன்னும் இருக்கிறது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாமல் ரத்து செய்ய நேர்ந்தால் ஏழு நாள் முன்னதாக, காரணத்தோடு, எழுத்தில் தெரிவியுங்கள். எனக்கு மட்டுமல்ல, இனி யார் கேட்டாலும்.

தயவுசெய்து ஜூன் 14-க்குள் வேறொரு மாலை ஒதுக்கித் தாருங்கள். அதன் பிறகு படகுகள் கடலுக்குப் போய்விடும். அந்த அம்மாவிடம் தேதி சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பன்காரி ஒருத்தி