நீல மாத்திரை கொடுக்கும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களே,

நானும் உங்களைப் போல ஓர் அறிவியல் டீச்சர்தான். போன வருடம் ஒரு மழைநாளில், வகுப்பு ஜன்னலுக்குக் கீழே சேற்றில் நீலம் நீலமாக ஏதோ ஊறிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். வாராவாரம் பக்கத்தில் நின்று "முழுங்கு, முழுங்கு" என்று நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள். பதினேழு வரை எண்ணினேன்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டேன். ஒருத்தி காலையில் சாப்பிடாமல் வந்து வெறும் வயிற்றில் போட்டிருக்கிறாள், வாந்தி. இன்னொருத்திக்கு மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. பெரிய நோய் என்று பயந்து அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "இது எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்" என்றாள் மூன்றாவது பெண். எனக்குப் பதில் வரவில்லை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31.1 சதவீதம். "பசங்களுக்கு எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

மாத்திரை கொடுக்கும் முன் பத்து நிமிடம் பேசுங்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உருவாக இரும்பு வேண்டும் என்று சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பது இரும்பால்தான், பயப்பட வேண்டாம். கூடவே டீ குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ நன்றாகச் சேர வைக்கும். இவ்வளவுதான் பாடம்.

இன்னொன்றும் கேட்கிறேன், இதுதான் நமக்குக் கஷ்டம். "இப்போ வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள், காரணம் கேளுங்கள். நாளைக்கு மருந்துக்கடையில் தனியாக நிற்கும்போதும், யாரோ பாக்கு பொட்டலத்தை நீட்டும்போதும் பக்கத்தில் நாம் இருக்கப் போவதில்லை. கேட்டு, யோசித்து, தன் உடம்புக்கு எது சரி என்று முடிவெடுக்க அவர்கள் இங்கேயே பழக வேண்டாமா?

போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாத்திரையை வாங்கி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்தாள். "காலையில சாப்பிடல டீச்சர், சத்துணவு முடிஞ்சதும் போட்டுக்கிறேன்" என்றாள். மணியடித்ததும் தட்டைக் கழுவிவிட்டு வந்து, என் முன்னாலேயே போட்டுக்கொண்டாள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி