கார்த்திகையில் வரும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கார்த்திகையில் பேத்தியோடு வருவதாகச் சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “குழாயில்தான் காவிரித் தண்ணீர் வருகிறதே, அதை ஏன் காய்ச்ச வேண்டும்?” என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சிப் பக்கம் கிளம்பும்போது அது நல்ல தண்ணீர்தான். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் நம் தங்கச்சிமடம் வந்து சேரும் வழியில்தான் வம்பு. நம் தெருவில் விட்டு விட்டுத்தானே வருகிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. மழைநீர் தேங்கிய இடத்தில் ஒரு மூட்டு கசிந்தால் போதும், பள்ளத்து அழுக்கெல்லாம் உள்ளே இறங்கிவிடும். அடுத்த முறை திறந்துவிடும்போது முதல் குடம் கலங்கலாக, ஒரு வாடையோடு வரும். அம்மா அதை முருங்கைக்கு ஊற்றிவிடுவாள். தெளிந்த பிறகு பிடிக்கிற குடத்தையும் நான் நம்புவதில்லை.

நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மணல் பூமி, நிலத்தடித் தண்ணீர் மேலாகவே நிற்கும். கக்கூஸ் குழி நிரம்பினால் பக்கத்துக் கிணறு தப்பாது. கோடையில் வேறு பாடு: கிடைத்ததை நாள்கணக்கில் சேர்த்து வைத்துக்கொண்டு, கை கழுவவும் கணக்குப் பார்க்கிறோம். வறட்சியிலும் வாந்திபேதி, வெள்ளத்திலும் வாந்திபேதி.

வாந்திபேதியைக் கொண்டுவரும் காலராக் கிருமிக்கு மனிதக் குடல் மட்டும் இடமில்லை. கழிமுகத்தின் வெதுவெதுப்பான உப்பு கலந்த நீரில், மிதக்கும் நுண்ணிய பூச்சிகள்மேல் ஒட்டிக்கொண்டும் வாழும். கடல் சூடேறினால் அதற்குக் கொண்டாட்டம். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையை மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பூச்சியோடு கிருமியும் துணியில் தங்கிவிடுகிறது. அப்பத்தா துணி கட்டி வடிகட்டியதை நீ எவ்வளவு கேலி செய்வாய்! ஆனாலும் அது காய்ச்சுவதற்கு ஈடாகாது. மஞ்சள்காமாலைக் கிருமியெல்லாம் துணியைத் தாண்டிப் போய்விடும்.

சரி, பிள்ளைக்குத் தளதளவென்று கொதித்து ஆறிய தண்ணீர்தான். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமலிருக்கக் குழாய் வைத்த பானை வாங்கிவிட்டேன். வாந்திபேதி வந்தால் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, அந்த ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து எடுத்து வா. தேவைப்பட்டால், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், கண்ணளவு வேண்டாம். அப்புறம், எந்த ரயில் என்று முன்கூட்டியே சொல், ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா