காப்பீட்டை மறுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களில், ஒருவரின் நிறுவனக் காப்பீட்டிலேயே இருவரும் சேர்ந்துகொண்டு, மற்றவர் தம் நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீட்டை மறுத்துவிடுவது உண்டு. பிரீமியம் மிச்சமானால் அது நல்ல முடிவுதான். ஆனால் தம் நிறுவனத்தில் காப்பீடு பெறக்கூடிய துணைவரைச் சேர்ப்பதற்குச் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வசூலிப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனக்குப் பெரிதும் கவலை தருவது வேறொன்று. துணைவரின் வேலையோடு காப்பீடும் போய்விட்டால், நம் நிறுவனத் திட்டத்தில் ஆண்டின் இடையிலேயே சேரும் உரிமையை 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் தருகிறது என்றாலும், அதைக் கோருவதற்குப் பொதுவாக 30 நாள் அவகாசமே இருப்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. வேறு காப்பீடு இருப்பதாலேயே மறுக்கிறோம் என்று தொடக்கத்திலேயே எழுதித் தருமாறு நிறுவனம் கேட்டிருந்து, நாம் அதைத் தராமல் விட்டிருந்தால், அந்த உரிமையே மறுக்கப்படலாம். பழைய காப்பீட்டை முழுப் பிரீமியமும் செலுத்தித் தொடரும் கோப்ரா வசதி இருக்கிறதே என்று அந்த 30 நாள்களைக் கடத்திவிட்டு, பின்னர் கட்டணம் தாங்காமல் அதை நாமே நிறுத்தினால், இடையில் சேரும் உரிமை மீண்டும் கிடைக்காது.

மறுப்புப் படிவத்தைக் கொடுக்கும்போதே இவற்றைப் பணியாளருக்கு நேரில் விளக்குவதை மனிதவளத் துறையினர் கடமையாகக் கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், நியூ ஜெர்சி