படகுக்கு ஜி.பி.எஸ். வாங்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. கருவி, விலை, திரையின் அளவு, வரைபடம் உண்டா இல்லையா என்று அழகாகக் கட்டம் போட்டிருக்கிறாய். நான் முதலில் தேடிய இரண்டு மட்டும் அதில் இல்லை. கை தவறி விழுந்தால் மிதக்குமா? பேட்டரி தீர்ந்தால் படகிலேயே மாற்ற முடியுமா? மேலே மூடாத சின்னப் படகில் போகிறவள் நீ. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பெட்டிகளில் ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது என்பதுதான் அதற்கு அர்த்தம். மிதக்கும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. கல் மாதிரி மூழ்கிப்போகிற கருவிக்கும் அதே முத்திரைதான். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் கார்மின் இட்ரெக்ஸ் நல்ல கருவி, விலையும் குறைவு, ஆனால் மிதக்காது. அதே கம்பெனியின் ஜி.பி.எஸ். 73, ஜி.பி.எஸ்.மேப் 79எஸ் இரண்டும் படகுக்கென்றே செய்தவை, மிதக்கும். உன் கைக்காசுக்கு இட்ரெக்ஸ்தான் கட்டுப்படியாகும் என்றால் அதையே வாங்கு, தவறில்லை. ஆனால் ஒரு மிதவை உறையும் கயிறும் சேர்த்து வாங்கி, கயிற்றின் மறுமுனையை உன் உயிர்காப்புச் சட்டையில் கட்டிக்கொள். உறை உண்மையிலேயே தாங்குகிறதா என்று முதலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடு.

விலை குறைந்தால் துல்லியமும் குறையும் என்று நீ பயப்படுவது புரிகிறது. அந்தப் பயம் வேண்டாம். 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து விட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்திய பிறகு, வானம் திறந்திருக்கும் இடத்தில் சாதாரணக் கருவியே சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. கட்டடமும் மரமும் மறைக்காத கடலில் இன்னும் சுலபம். கூடுதல் காசு பெரும்பாலும் வண்ணத்திரைக்கும் வரைபடத்துக்கும்தான் போகிறது. அந்த வரைபடத்தைப் பற்றித்தான் உன்னிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

கருவியோடு இலவசமாக வரும் படத்தில் கரை ஒரு தோராயக் கோடாக இருக்கும், அவ்வளவுதான். ஆழம் இருக்காது, பாறை இருக்காது, மிதவைகள் இருக்காது. மலையேறுகிறவர்களுக்கான படத்தைப் போட்டாலும் கடல் வெறும் நீல நிறம்தான். ஆழம் குறித்த கடல் சார்ட் பல மாடல்களில் தனிச் செலவு. அதையும் வாங்கிப் போட்டாய் என்று வை, இரண்டரை மூன்று அங்குலத் திரையில் என்ன தெரியும்? மொத்தப் பயணமும் தெரியும்படி சுருக்கினால் சின்னப் பாறைகளும் திட்டுகளும் மறைந்துவிடும். அவை தெரியும்படி பெரிதாக்கினால் நீ எங்கே போகிறாய் என்பது மறைந்துவிடும். 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில், டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற பாய்மரப் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவில் ஏறி மோதியது. ஆட்கள் பிழைத்தார்கள், படகு நொறுங்கியது. மின்னணுச் சார்ட்டைப் போதிய அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்காததால் அந்தத் திட்டு கண்ணில் படவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. அவர்கள் தொழில்முறை மாலுமிகள், பெரிய திரை வைத்திருந்தவர்கள்.

அதனால் உன் காசைப் படத்துக்குக் கொடுக்காதே. கருவி எண்ணைச் சொல்லட்டும், படத்தை நீ காகிதச் சார்ட்டில் பார். நீர்புகா உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டால் தண்ணீர் எவ்வளவு அடித்தாலும் அது கெட்டுப்போகாது.

எந்த எண்கள் என்று கேட்பாய். இலக்கு இருக்கும் திசை, நீ நிஜமாகவே போய்க்கொண்டிருக்கும் திசை, மீதித் தூரம், வேகம். இந்த நான்கும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் வருமாறு திரையை அமைத்துக்கொள். இலக்கு 070 பாகை என்று காட்டுகிறது, நீ போவது 082 பாகை என்று வை. நீரோட்டமோ காற்றோ உன்னை வலப்பக்கம் தள்ளுகிறது. இரண்டு எண்ணும் ஒன்றாகும்வரை இடப்பக்கம் திருப்பு. அப்போது படகின் மூக்கு இலக்கைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பது போல் தோன்றும். கலங்காதே, அதுதான் சரி. படகு நின்றுவிட்டால் போகும் திசை என்ற எண் கண்டபடி சுற்றும், அப்போது அதை நம்பாதே. நகர்ந்தால்தான் ஜி.பி.எஸ். போகும் திசையைச் சொல்லும். இந்த ஒரு காரணத்துக்காகவே காந்தத் திசைகாட்டி படகில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று. ‘அங்கே போ’ என்று சொன்னால் இந்த மாதிரி எளிய கருவி நேர்கோடுதான் போடும். நடுவே நிலமுனை இருந்தாலும் சரி, மணல்திட்டு இருந்தாலும் சரி, அதற்கு அக்கறையில்லை. புறப்படும் முன் ஒவ்வொரு கோட்டையும் சார்ட்டில் பென்சிலால் போட்டுப் பார்த்து, தேவைப்படும் இடத்தில் ஒரு வேபாயிண்ட், அதாவது வழியில் ஒரு இடைப்புள்ளி, வைத்து வளைத்துக்கொள்.

எண்ணை ஏற்றும்போது கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடல் சார்ட்டில் பாகையும் தசம நிமிடமும் போடுவார்கள், உதாரணத்துக்கு 10 பாகை 20.50 நிமிடம். உன் கருவி பாகை, நிமிடம், வினாடி என்ற அமைப்பில் இருந்து, நீ அந்த 50-ஐ வினாடியாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? 20.50 நிமிடம் என்பது 20 நிமிடம் 30 வினாடி. 20 வினாடி கூடிவிடுகிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். ஆக ஏறக்குறைய 617 மீட்டர் தள்ளிப்போய் நிற்பாய். பாறைகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலில் நுழையும்போது இது விளையாட்டல்ல. கருவியை வாங்கிய அன்றே அமைப்பைத் தசம நிமிடத்துக்கு மாற்று. டேட்டம், அதாவது இடத்தின் எண்களை எந்த அளவீட்டு அடிப்படையில் கணக்கிடுவது என்பது, டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கட்டும், சார்ட்டிலும் அதுவே போட்டிருக்கிறதா என்று பார். பழைய சார்ட் வேறு டேட்டத்தில் இருந்தால் நூறு மீட்டருக்கு மேலும் வித்தியாசம் வரலாம். திசைகாட்டியோடு ஒப்பிடப் போகிறாய் என்பதால் வடக்கைக் காந்த வடக்காக வை.

கைப்பேசி போதாதா என்று கேட்டிருந்தாய். டவர் இல்லாத இடத்திலும் அது இடத்தைச் சொல்லும், அது உண்மைதான். ஆனால் ஈர விரலைத் திரை மதிக்காது. மேலே விழும் துளியை விரல் என்று எண்ணிப் படத்தை எங்கோ இழுத்துப்போகும். வெயிலில் சூடேறினால் தானே மங்கும், அணைந்தும் போகும். உதவிக்கு யாரையாவது அழைக்க வேண்டிய பேட்டரியை வழி பார்த்தே தீர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. நீர்புகாப் பையில் துணைக்கு இருக்கட்டும். இதே காரணத்துக்காகக் கையடக்கக் கருவியிலும் தொடுதிரை வேண்டாம், பொத்தான் வைத்ததையே எடு.

பேட்டரி, எங்கும் கிடைக்கும் பென்சில் பேட்டரியாக இருக்கட்டும். எந்த வகை போட்டிருக்கிறாய் என்று மெனுவில் சொல்லிவிடு, இல்லாவிட்டால் மிச்ச அளவைத் தப்பாகக் காட்டும். கொஞ்ச நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் கழற்றி வை, கசிந்தால் முனைகள் அரித்துவிடும்.

பழையது ஒன்று மலிவாக வருகிறது என்றாயே, அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெட்டவெளியில் வைத்து ஆன் செய்து பார். நெடுநாள் கிடந்த கருவி என்றால் பொறுமையாக இரு. செயற்கைக்கோள்கள் அனுப்பும் முழு அட்டவணையும் ஒரு சுற்று வந்து சேரவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். பிறகு தேதியைப் பார். ஜி.பி.எஸ். வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டில் திரும்பியது, 2019 ஏப்ரலில் மறுபடி திரும்பியது. பழைய கருவிகள் சில அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் தேதி காட்டுகின்றன. இடத்தைச் சரியாகச் சொன்னாலும், ஓதம், சூரிய உதயம் போல அது தேதியை வைத்துக் கணக்கிடும் எதையும் நம்ப முடியாது. பின்விளக்கை அணைத்துவிட்டு வெயிலில் திரை படிக்க முடிகிறதா என்றும், ஒவ்வொரு பொத்தானும் ஈரக் கைக்கு அழுந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்.

இதையெல்லாம்விட ஒன்று முக்கியம். இந்தச் சாதாரணக் கருவிகள் கேட்க மட்டும்தான் செய்யும், யாருக்கும் எதுவும் சொல்லாது. நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்குத் தெரியும், கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உன்னிடம் இன்னும் ரேடியோ இல்லையென்றால், ஜி.பி.எஸ். உள்ளேயே வைத்த கையடக்க வி.எச்.எஃப். ரேடியோவை, அதாவது படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் ரேடியோவை, பார். ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்.எக்ஸ். 890 அப்படிப்பட்டது, மிதக்கவும் செய்யும். ரேடியோவுக்கான அடையாள எண்ணை உன் பெயரில் பதிந்து அதில் ஏற்றிக்கொண்டால் ஆபத்துப் பொத்தானை அழுத்தியதும் நீ இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பிவிடும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் உனக்கு ரேடியோவைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஆள் விழுந்தால் அழுத்தி அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும் எம்.ஓ.பி. வசதி எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குப் பழகு. அமைதியான நாளில் ஒரு மிதவையைப் போட்டுவிட்டு, அழுத்தி, திரும்பி வந்து பார். குறித்த புள்ளி அங்கேயே நிற்கும், மிதவை நீரோட்டத்தோடு நகர்ந்திருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று கவனி.

நீ ஓடப்போகும் பகுதியின் சார்ட்டில் தலைப்புக்குக் கீழே டேட்டமும் ஆழத்தின் அலகும் அச்சடித்திருக்கும். அந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பு, வேபாயிண்டுகளை எழுதிய தாளையும் சேர்த்து. கருவியில் ஏற்றும் முன் நானும் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா