பேருந்தை விட்டு இறங்காத கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லண்டன் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, முதலில் படித்தது சரிதானா என்று பார்ப்பதற்காக. சரியாகத்தான் படித்திருக்கிறேன். கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் தோசைக் கடை, நகைக் கடை, புடவைக் கடை தவிரப் பார்க்க ஒன்றும் இல்லையாம். போகிற வழியில் விக்டோரியா காலத்து கோதிக் (கூர்வளைவுப் பாணி) மாதா கோயில் ஒன்று தென்படுமாம். அதற்கு அரை வரி. மசால் தோசைக்கு முழுப் பத்தி. தோசை நன்றாகத்தான் இருக்கும், நானும் அந்தக் கடையில்தான் சாப்பிடுகிறேன்.

அது மாதா கோயில் அல்ல, ஐயா. மகதலேனா மரியாள் பெயரில் உள்ள பங்கு ஆலயம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொன்னால் சேகரக் கோயில். அதில் விக்டோரியா எங்கே வந்தார் என்று தெரியவில்லை. அவர் பட்டத்துக்கு வந்தது 1837இல். ஆலயம் எழுந்தது 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், நம் பக்கம் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்த சமயத்தில். தஞ்சைப் பெரிய கோயிலை நாயக்கர் கட்டியது என்று யாராவது எழுதி அனுப்பினால் அப்படியே அச்சுக்குப் போகுமா? உங்கள் அலுவலகத்தில் அத்தனை பேரும் சிரித்திருப்பீர்கள்.

கட்டுரையோடு வந்த படத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. பேருந்து ஜன்னல் வழியாக எடுத்த படம், மேற்குக் கோபுரம் மட்டும் தெரிகிறது. அந்தக் கோபுரம் பிற்காலத்தில் சேர்த்தது. கட்டுரையாளர் இறங்கவே இல்லை. இதில் நான் அவரை ரொம்பவும் குறை சொல்ல முடியாது, நானே மூன்று வருஷம் பெக்டன் போகிற பஸ்ஸில் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தவன். பாளையங்கோட்டையில் 1826இல் கட்டிய ஊசிக் கோபுர ஆலயத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதுவே பெரிய பழமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனேன். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா என் ஈரக் குடையை வாங்கி மூலையில் சாய்த்துவிட்டு, பீடத்துப் பக்கம் போய் விளக்கைப் போட்டார்.

முன்னால் மக்கள் உட்காரும் கூடம், அப்புறம் பாடகர் பகுதி, கடைசியில் அரைவட்டமாக வளைந்து முடியும் சுவர். பெண்ணாகடம் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தூங்கானை மாடம் என்றால் தெரியும், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். அந்த வளைவேதான். 11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் பக்கமிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் இங்கே இப்படி நிறையக் கட்டினார்கள். 13ஆம் நூற்றாண்டில் வழக்கம் மாறியது. வளைவை இடித்துத் தள்ளிவிட்டுச் சதுரமாக நீட்டிக் கட்டினார்கள். ஈஸ்ட் ஹாம் அப்போது தேம்ஸ் சதுப்பு நிலத்தோரக் கிராமம். இடித்துக் கட்ட வசதி இல்லாமல் போனதோ என்னவோ, தப்பித்துவிட்டது. வளைவுக்கு மேலே கூரையில் நார்மன் காலத்து மரங்கள் இன்னும் இருக்கின்றன, மர ஆணி அடித்துச் சேர்த்தவை. சுவரில் 13ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் மிச்சம் மங்கலாகத் தெரியும்.

அந்த அம்மா எனக்குக் காட்டியது பாடகர் பகுதியின் சுவரைத்தான். வரிசையாக அரைவட்ட வளைவுகள். ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்து வளைவில் போய் முடியாமல் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகிறது, சிக்குக் கோலம் போடுகிற மாதிரி. விரலை வைத்து ஒரு வளைவைத் தொடர்ந்து போனேன், பாதியில் வழி தவறி இன்னொன்றில் இறங்கிவிட்டேன். இரண்டு அரைவட்டம் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தானாக ஒரு கூர்வளைவு உண்டாகிறது. கோதிக் கூர்வளைவே இப்படித்தான் பிறந்தது என்று ஒரு காலத்தில் சிலர் நம்பினார்கள். கட்டுரையாளர் உள்ளே வந்து இதைப் பார்த்துவிட்டு 'கோதிக்' என்று எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன். நல்ல தப்பு என்று விட்டிருப்பேன்.

லண்டனில் இன்றும் வழிபாடு நடக்கிற மிகப் பழைய பங்கு ஆலயம் இதுதான் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். 1123இல் தொடங்கிய புனித பர்த்தலமேயு ஆலயத்துக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது மடாலயமாகத் தொடங்கியது என்று இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நமக்கு எதற்கு அந்த வம்பு. ஆனால் இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

மன்னிக்கவும், சொல்லத் தொடங்கியதால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு முறை வெஸ்ட்மின்ஸ்டர் அபியைப் 'பேராலயம்' என்று தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். பேராயரின் ஆசனம் இருந்தால்தான் பேராலயம். அபிக்கு அந்தத் தகுதி 1540இலிருந்து ஏதோ பத்து வருஷம் இருந்தது, அவ்வளவுதான். தங்களுக்குத் தெரியாததா? அப்புறம் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு ஒரு சிறப்பிதழ். பன்னிரண்டு பக்கம், வண்ணப் படங்கள், வேற்றுக்கிரகவாசிகள் வரைக்கும் எல்லாம் உண்டு. வில்லியம் ஸ்டக்லி மட்டும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கற்களை நேரில் போய் அளந்து வரைந்து வைத்த மனிதர். நியூட்டனின் ஆப்பிள் கதையை அவர் வாயாலேயே கேட்டு எழுதியவரும் இவர்தான். 1765இல் இறந்தபோது இந்த ஈஸ்ட் ஹாம் ஆலயத்துத் தோட்டத்தில் புதைத்தார்கள். மேலே கல் எதுவும் வைக்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்ததால் புல்தான் மூடியிருக்கிறது. இதையெல்லாம் அப்போதே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். என் கடிதத்தையும் அதேபோல அடையாளம் தெரியாமல் புதைத்துவிட்டீர்கள்.

உள்ளே இருக்கும் எட்மண்ட் நெவில் சமாதியைப் பற்றி எழுதியிருந்தால் உங்கள் வாசகர்கள் தொடர்கதை கேட்டிருப்பார்கள். கணவனும் மனைவியும் எதிரெதிரே மண்டியிட்டிருக்கும் சிலை, கீழே பிள்ளைகள். முதலாம் எலிசபெத்தைக் கொல்லச் சதி செய்ததாக 1585இல் வில்லியம் பாரியைத் தூக்கிலிட்டார்களே, அவரைக் காட்டிக்கொடுத்தவர் இந்த நெவில். காட்டிக்கொடுத்தும் அவரையும் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். வெஸ்ட்மோர்லண்ட் பிரபுப் பட்டம் தனக்கே என்று கடைசிவரை கேட்டுப் பார்த்தார், எந்த அரசரும் கொடுக்கவில்லை. சமாதிக் கல் மட்டும் கொடுத்திருக்கிறது.

நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கும் தெருவுக்கு சர்ச் ரோடு என்று பெயர். தைப்பூசத்துக்கு வரும் கூட்டத்தில் எந்த சர்ச் என்று கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதே தெருவில் லிட்டில் இல்ஃபோர்டு மரியாள் ஆலயம் இருக்கிறது. சின்னஞ்சிறியது. அதன் கூடமும் 12ஆம் நூற்றாண்டுதான். முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்தே போய்ப் பார்க்கலாம்.

இந்த ஆலயங்களைக் காப்பாற்றுவது இனி இன்னும் கஷ்டம். பழுதுபார்ப்புக்குக் கட்டிய வாட் வரியைத் திருப்பித் தந்துவந்த அரசுத் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் வரம்பு வைத்துவிட்டார்கள், ஒரு ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று. கூரைக்குச் சாரம் கட்டிப் பார்த்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு என்று தெரியும். பார்க்க ஒன்றும் இல்லை என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: 'விக்டோரியா கால கோதிக்' என்பதை '12ஆம் நூற்றாண்டு நார்மன்' என்று மாற்றுங்கள், ஆலயத்தின் பெயரையும் சரியாகப் போடுங்கள். தோசைப் பத்திக்குக் கீழே இடம் இருந்தால் போதும்.

என் பெயரைப் போட வேண்டாம். போன தடவை போட்டபோது தப்பாகப் போட்டீர்கள்.

இப்படிக்கு,
19 வருஷமாகச் சந்தா கட்டும் ஈஸ்ட் ஹாம் வாசகர்