வெட்டு என்று எந்த உத்தரவிலும் எழுதியிருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்ஜெட் நெருங்கினால் போதும், கடன், வட்டி, வருவாய்ப் பற்றாக்குறை என்று உங்கள் பக்கங்களில் கட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். நானும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள்தான். கையில் இல்லாதபோது இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கு அந்தச் சிக்கனம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைத் தண்டையார்பேட்டையிலிருந்து சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு 19 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். பேச்சு குறைவு, சிரிப்புக்குக் குறைவில்லை. இரண்டு வருடம் முன்புவரை ஒரு பகல்நேர மையத்துக்கு வாரம் ஐந்து நாள் போய்வந்தான். வேன் தெருமுனைக்கு வரும். டிரைவர் அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஏற்றுவோம். முதலில், பிசியோ பார்த்த பெண் வேறு வேலைக்குப் போனார். அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. "ஃபண்டு வரலைம்மா, வந்ததும் போட்டுடுவோம்" என்றார்கள். அப்புறம் டீசலுக்குப் பணமில்லை என்று வேன் மூன்று நாளானது. இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும். யாரும் எதையும் வெட்டவில்லை பாருங்கள். கேட்டால் எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தெரபி நின்ற நான்காவது மாதம் அவன் முழங்கால் நிமிர மறுத்தது. இந்தப் பிள்ளைகளுக்குத் தொடையின் பின்பக்கத் தசை கயிறு மாதிரி இறுகிவிடும்; நாள் தவறாமல் நீட்டிவிட வேண்டும். காலையும் இரவும் நான் செய்கிறேன். முட்டியை அழுத்தும்போது அவன் முகத்தைப் பார்த்து நான் கையை எடுத்துவிடுவேன், அந்தப் பிசியோ பெண் எடுக்கமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். பாதம் திரும்பியதால், அளவெடுத்துச் செய்த ஸ்பிளிண்ட் (பாதம் வளையாமல் தாங்கும் பட்டை) கணுக்காலில் உரசிப் புண் வைத்தது. புண் ஆறட்டும் என்று கழற்றி வைத்தோம். அந்த ஒன்றரை மாதத்தில் பாதம் இன்னும் வளைந்துவிட்டது.

இப்போது டாக்டர் ஆபரேஷன் என்கிறார். அரசு மருத்துவமனையில் இலவசம். எனக்கு இலவசம், அரசாங்கத்துக்குமா? தியேட்டர், மயக்க மருந்து, படுக்கை, மாவுக்கட்டு, புது ஸ்பிளிண்ட், எல்லாம் முடிந்த பிறகு அதே பிசியோ. ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்து இதற்குள் எத்தனை சம்பளத்தைப் போட்டார்கள் என்று நிதித்துறையில் யாராவது கூட்டிப் பார்த்தால் தேவலை.

வேறு இடம் பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில். பெயர் பெற்ற தொண்டு நிறுவனங்கள் தரமணியிலும் கோட்டூர்புரத்திலும். எல்லாமே கூவத்துக்குத் தெற்கே. 2021-இல் எங்களுக்கு மெட்ரோ வந்தது, லிஃப்ட் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை நடைபாதையில் பைக்கும் மீன்கூடையும் போக மிஞ்சும் இடத்தில் வீல்சேர் போகாது. ஆட்டோ பிடித்தால் போகவர ஒரு நாள் கூலி காலி.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவை ஒரு வக்கீல் தம்பி எனக்குப் படித்துக் காட்டினார். மற்றவர்களுக்கு ஒரு திட்டத்தில் கொடுப்பதைவிட எங்களுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடக் கொடுக்க வேண்டுமாம். சந்தோஷம். ஆனால் அதே பிரிவின் தொடக்கத்திலேயே, அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்று ஒரு கொக்கி. நிதி நெருக்கடி என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது. மத்திய அரசு ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் தன் பங்கை மாதம் 300 ரூபாய் என்று வைத்தது 2012-இல். அதற்கும் 80 சதவீத ஊனமும் வறுமைக்கோடும் வேண்டும். இன்றைக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட் ஒன்று வாங்க அது பற்றாது. கொருக்குப்பேட்டையில் சூலூர்பேட்டை வண்டி ஏறினால் இறங்குமிடம் ஆந்திரா. அங்கே 2024-இல் 3,000 ரூபாயை 6,000 ஆக்கினார்கள். அவர்களுக்கு மட்டும் கடன் இல்லையா என்ன?

எங்களுக்கு உதவித்தொகையாக மாதம் 2,000 வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கூட்டிக் கொடுத்தாலும் அந்தப் பணத்தில் நான் ஒரு பிசியோவையும் வேனையும் வைத்துக்கொள்ள முடியாது. இதைத்தான் அதிகாரிகள் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உதவித்தொகையில் கை வைத்தால் சாலை மறியல் நடக்கும், அதனால் வைக்கமாட்டார்கள். பிசியோ போனால் மறியல் செய்ய எங்களால் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாது. 18 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். இலவசக் கல்விக்குச் சட்டம் போட்ட கோடு 18. அதற்கு மேல் அவர்களுக்கு இருப்பது இந்த மாதிரி மையங்கள்தான்.

உலக வங்கிக் கடனில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'உரிமைகள்' திட்டம் வந்திருக்கிறது, அதில் தெரபி கொடுக்கும் 'விழுதுகள்' மையங்கள் திறக்கிறார்கள். வரட்டும். ஆனால் கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, என் மகன் காலுக்குக் கிடையாது. தெரபிஸ்ட் சம்பளமும் வேன் டீசலும் வருடாவருடம் வரும் செலவாகத் துறையின் சொந்தக் கணக்கில் ஏற வேண்டும். தொண்டு நிறுவன மையங்களுக்கான மானியம் காலாண்டின் முதல் மாதத்திலேயே போய்ச் சேர வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சட்டசபையில் துறையின் மானியக் கோரிக்கை வரும் நாளில் எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்று தலைப்புப் போடுகிறீர்கள். பக்கத்திலேயே திருத்திய மதிப்பீடு என்று, ஒதுக்கியதை வருடத்தின் நடுவில் கூட்டிக் குறைத்த கணக்கு ஒரு பத்தியில் இருக்கும், போன வருடத்துக்கு முந்தைய வருடம் உண்மையில் செலவானதும் இருக்கும். அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் போடுங்கள். கூடவே, அனுமதித்த பிசியோ பணியிடங்கள் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள்; ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி மண்டலங்களுக்குத் தனித்தனியாக.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தண்டையார்பேட்டை, சென்னை.